திருடனைப் பிடித்துவிட்டோம் மகள்

மகள்,

உன் வொய்ஸ் மெசேஜை நேற்று இரவு அம்மாவும் நானும் இரண்டு தரம் கேட்டோம். தென் அமெரிக்காவின் பந்தனால் சதுப்பு நிலத்துக்கு வந்து பன்னிரண்டு நாளாகியும் ஒரு ஜாகுவார்கூடக் கண்ணில் படவில்லை என்று நீ சலித்துக்கொள்ள, அம்மா சாமியறைப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டாள். என்னிடம் வேறு செய்தி இருக்கிறது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கொழும்புக்குப் பக்கத்தில் நாவலவில் இருக்கிற என் சிநேகிதரைத் தெரியும்தானே, என்னோடு சேவையராக இருந்தவர். அவர் வீட்டுக் குளத்தில் அழகுக்கு வளர்க்கிற கோய் மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. முதலில் பக்கத்து வீட்டுப் பூனையைச் சந்தேகப்பட்டார், பிறகு கொக்கை, பிறகு, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, தோட்டவேலைக்கு வருகிற பொடியனை. கடைசியில் ஒரு கமரா பூட்டினார். மூன்றாம் நாள் விடியப்புறம் ஆள் வந்துவிட்டது. சாம்பல் நிற உடம்பு, வரிசை வரிசையாகக் கறுப்புப் புள்ளி, உடம்புக்குப் பொருந்தாத கட்டை வால். குளத்துக் கட்டில் கல் மாதிரிக் குந்தியிருந்து, முன்னங்காலால் தண்ணீரை இரண்டு தரம் மெதுவாகத் தட்டி, பிறகு தலையையே உள்ளே விட்டு ஒரு மீனைக் கவ்விக்கொண்டு போனது. மீன்பிடிப் பூனை! நீ பள்ளிக்கூடம் படிக்கும்போது இதைப் பார்க்கத்தானே பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்கு எத்தனை விடியற்காலை போயிருப்போம், ஒரு கீரியையும் கபரகொய்யா என்கிற நீர் உடும்பையும் தவிர வேறொன்றும் காணாமல் ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருப்போம்.

சிங்களத்தில் இதற்கு ஹந்துன் திவியா என்று பெயர். திவியா என்றால் சிறுத்தை, அதனால் பெயரைக் கேட்டதுமே பாதிப் பேர் பொல்லைத் தூக்கிவிடுவார்கள். 2018 இல் கொழும்பை, ராம்சார் என்கிற சர்வதேச ஈரநில ஒப்பந்தத்தின் கீழ், ஈரநில நகரங்களில் ஒன்றாக அறிவித்தார்கள், நல்ல விஷயம்தான். ஆனால் அந்தப் பூனைக்கு இரவில் ஒரு கால்வாயிலிருந்து அடுத்த கால்வாய்க்குப் போக மதில் மேல்தான் பாதை இருக்கிறது. சதுப்பை நிரப்பின காணிகளை நானும் அளந்திருக்கிறேன், அதனால் அதிகம் பேசக்கூடாது. 2010 நவம்பரில் பாராளுமன்ற வளவுக்குள்ளேயே வெள்ளம் நின்றபோதுதான் தண்ணீர் எங்கே போக நினைத்தது என்று எங்களுக்கு விளங்கியது.

சரி, உன் இடத்துக்கு வருகிறேன். நீ அனுப்பின வரைபடத்தை மேசையில் விரித்து வைத்து ஒரு பின்னேரம் முழுக்கப் பார்த்தேன். இலங்கையை இரண்டு தரம் போட்டாலும் இடம் மிஞ்சும் போலிருக்கிறது. எனக்கு அந்தப் பரப்பைவிடப் பிடித்தது அதன் சரிவுதான். வடக்கிலிருந்து தெற்குக்குக் கிலோமீற்றருக்குச் சில சென்ரிமீற்றர்தான் இறக்கம், எங்கள் வீட்டுக் குளியலறைத் தரைக்குக்கூட அதைவிடக் கூடச் சரிவு விட்டிருக்கிறான் மேசன். அதனால் வடக்கே பெய்த மழை பரகுவே ஆற்றோடு தெற்கே போய்ச் சேர மாதக்கணக்காகும். இப்போது பெப்ரவரி, உன் பக்கமெல்லாம் தண்ணீர் பரந்து கிடக்கிறது, மிருகங்களும் பரந்து கிடக்கும். ஜூலைக்குப் பிறகு வடிந்து மீன்கள் குட்டைகளில் ஒதுங்கும், அதைத் தேடிக் கெய்மன் முதலைகள் ஓரம் சேரும், அந்த முதலையின் மண்டையைக் கடித்துத் துளைக்க உன் ஜாகுவாரும் ஆற்றங்கரைக்கு வந்து சேரும். அதுவரை நீ வள்ளத்தில் எவ்வளவு சுற்றினாலும் பெற்றோல்தான் செலவு.

அதுவரைக்கும் கால்களைப் பார். சதுப்பு மானின் குளம்பு அகலமாக விரியும், நடுவில் சவ்வு இருப்பதால் சேற்றில் புதையாது. பெரிய எலி இனமான கபிபாராவுக்கும் விரலிடையில் சவ்வு, போதாததற்குக் கண், காது, மூக்கு மூன்றும் தலையின் மேல்பக்கமே வைத்திருக்கிறது, மற்றதெல்லாம் தண்ணீருக்குள். (கிட்டப் போய்த் தடவாதே, உண்ணி இருக்கும்.) எங்கள் மீன்பிடிப் பூனைக்கும் விரலிடையில் கொஞ்சம் சவ்வு உண்டு, நகமும் மற்றப் பூனைகள் மாதிரி முழுக்க உள்ளே போகாது. இராட்சத நீர்நாய் ஆளுயரம் இருக்குமாம், தொண்டையில் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வெள்ளைத் திட்டு, அடையாள அட்டை மாதிரி. அப்புறம் எறும்புதின்னி என்று நீ சொன்னதும் அம்மா அழுங்கைத்தான் நினைத்துவிட்டாள், செதில் இல்லாமல் சடை மயிரும் விசிறி வாலுமாக நீ அனுப்பின படத்தைக் காட்டினதும் நம்பமாட்டேன் என்கிறாள்.

2020 இல் அங்கே பிடித்த தீயில் கால்வாசிக்கு மேல் எரிந்தது என்று வாசித்தேன். நீ நடக்கிற இடத்தில் கரிந்த மரங்கள் இன்னும் நிற்கின்றனவா? அதைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லை.

சிநேகிதர் குளத்துக்கு வலை போட ஓடர் கொடுத்திருந்தார், வீடியோவைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் உயிரோடு ஐந்து திலாப்பியா வாங்கிக் குளத்தில் விட்டிருக்கிறார், கோய் விலைக்குக் கட்டாதாம். தோட்டக்காரப் பொடியனிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று நான் கேட்கவில்லை.

அம்மா கேட்கிறாள், கம்பூட்ஸ் போடுகிறாயா இல்லையா? எனக்கு உன் செல்ஃபி வேண்டாம். சேற்றில் நல்ல கால்தடம் ஒன்று கண்டால், எந்த மிருகம் என்றாலும் பரவாயில்லை, பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படம் எடுத்து அனுப்பு. அடிமட்டம் முக்கியம்.

அப்பா