ஆட்டம் முடிந்தபிறகு சட்டம் சொல்லாதீர்கள்

ஊட்டியில் ஞாயிறுதோறும் மேஜிக்: தி கேதரிங் கார்டு விளையாட்டின் கமாண்டர் ஆட்டம் நடத்தும் அண்ணன்மார்களுக்கு,

வணக்கம். போன வாரம் கடைசி டேபிளில் நடந்தது உங்களுக்கே தெரியும். என் வெற்றி செல்லாது என்றீர்கள். சரி, அதைத் திருப்பித் தர வேண்டாம். எந்தக் காம்போ (சேர்த்துப் போட்டால் ஜெயிக்கவைக்கும் கார்டுகள்) கூடாது என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

என்னிடம் ஐந்து மேனா (கார்டு போடச் செலவாகும் சக்தி) இருந்தது. ஒரு கிரீச்சரை (உயிரினக் கார்டை) நகலெடுக்கும் ட்வின்ஃப்ளேம் மந்திரத்தை என் கோப்ளின்மேல் போட்டு, அது நிறைவேறும் முன் டூயல்காஸ்டர் மேஜ் என்ற மந்திரவாதியை இறக்கினேன். அவர் வந்ததும் அந்த மந்திரத்தை நகலெடுப்பார். அந்த நகல் மந்திரத்தை அவர்மேலேயே போட்டால், அவரைப் போலவே இன்னொருவரை உண்டாக்கும், அவரும் நகலெடுப்பார். ஆளுக்கு 40 உயிர், எதிராளிகள் மூன்று பேருக்கு 120. ஒரு நகல் மேஜுக்கு 2 அடி, வந்த கையோடு அடிக்கலாம். தடுக்க யாரிடமும் ஒரு கிரீச்சர்கூட இல்லை. அறுபது பேர் போதும். "யாராவது ஏதாவது செய்கிறீர்களா?" என்று இரண்டு முறை கேட்டேன். நீல நிறக் கார்டுகளோடு ஆடிய அண்ணன், மந்திரத்தைத் தடுக்கும் கவுண்டர்ஸ்பெல்லைக் கையில் வைத்திருந்தும், மேனா தரும் நிலங்களை எல்லாம் ஏற்கெனவே டேப் செய்து செலவழித்துவிட்டிருந்தார். இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது?

இரண்டு கார்டுமே தடைப் பட்டியலில் இல்லை. கார்டுக் கட்டுகளை வலிமைப்படி பிரிக்க 2025-இல் வந்த ஐந்து பிராக்கெட் முறையும், எப்படிப்பட்ட ஆட்டம் வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளத்தானே!

கோத்தகிரியிலிருந்து வருகிறேன். மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் ஃபாயில் (பளபளப்பு) கார்டு அப்பளம்போல வளையும். அதனால் அரிசி டப்பாவுக்குள் டெக்கைப் பொத்திவைத்து, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வருவேன். டியூஷன் காசில் ஒவ்வொரு கார்டாகச் சேர்த்தது. போன வாரம் திரும்பும்போது அந்த டப்பாவைத் திறக்கக்கூட மனம் வரவில்லை. "ஏமாத்து வேலை" என்ற சொல்லை எட்டாவது படிக்கும் பையன்கள் முன்னால் சொன்னீர்கள். அந்தப் பையன்களுக்கு இந்த மலையில் உட்கார்ந்து ஆட வேறு இடம் ஏது? சீசன் வந்தால் மைதானமும் ரோடும் வெளியூர் வண்டிகளுக்குப் போய்விடுகின்றன. யோசித்து ஜெயித்தால் திட்டு விழும் என்று அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டுமா?

கோபத்தில் ஏதாவது அதிகமாகச் சொல்லியிருந்தால் மன்னியுங்கள். தயவுசெய்து முன்பே சொல்லுங்கள், அவ்வளவுதான். வரும் ஞாயிறன்று முதல் பஸ்ஸிலேயே வருகிறேன். கூடாது என்றால் அந்த இரண்டையும் எடுத்துவிட்டு ஆட, வேறு இரண்டு கார்டும் டப்பாவில் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் டேபிளில் ஆடும் கோத்தகிரித் தம்பி