கலாதேஷுக்குப் புதுப்பேர்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. 2017 ஏப்ரலில் நம்ம மேஜிக்: தி கேதரிங் கார்டு விளையாட்டில் ஃபெலிடார் கார்டியன் என்ற கார்டைத் தடை செய்ததும் டெக்கை (உன் கார்டுக் கட்டை) மூட்டை கட்டிப் பரணில் போட்டவன், எட்டு வருஷம் கழித்து "கலாதேஷ் திரும்ப வந்திருக்காமே, வாங்கலாமா?" என்று கேட்கிறாய். நீ ஆடிய அந்தக் கதை உலகம் வந்திருக்கிறது, ஆனால் அந்தப் பேரில் இல்லை. 2025 பிப்ரவரி 14 அன்று வெளியான ஈத்தர்டிரிஃப்ட் என்ற செட்டில் (கார்டுத் தொகுப்பில்) அந்த உலகத்தின் பேர் ஆவிஷ்கார்.

கதைப்படி காரணம் எளிது. நீ ஆடிய காலத்தில் அங்கே கான்சலேட் என்ற அரசின் ஆட்சி நடந்ததல்லவா, அதைக் கவிழ்த்த பிறகு மக்களே ஊருக்குப் புதுப்பேர் வைத்துக்கொண்டார்கள். ஆவிஷ்கார் என்றால் கண்டுபிடிப்பு. கதைக்கு வெளியே இருக்கும் காரணம் நமக்கு இன்னும் சுலபமாகப் பிடிபடும். ரோமன் எழுத்தில் நெடிலும் குறிலும் ஒன்றுதானே. 'கலா' என்று படித்தால் கலைநாடு, 'காலா' என்று படித்தால் கருப்புநாடு. 2016-ல் பேர் வைத்தவர்கள் தமிழ் எழுத்திலோ தேவநாகரியிலோ ஒருமுறை எழுதிப் பார்த்திருந்தால் ஒரு துணைக்காலில் இருக்கும் வம்பு தெரிந்திருக்கும். எப்படியோ, மாற்றியது நல்லதுதான். பழைய கார்டுகளில் அச்சானது அப்படியே இருக்கும், விதிகளில் அதனால் எந்தப் பாதிப்பும் இல்லை.

நம்ம நெருப்பு மந்திரக்காரி சந்திரா நலார் அப்படியே இருக்கிறாள். பேரில் நிலா, கையில் நெருப்பு என்ற பொருத்தக்கேட்டை இந்தத் தடவையும் யாரும் சரிசெய்யவில்லை.

நீ தவறவிட்ட கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2023-ல் ஃபைரெக்சியர்கள் என்ற இயந்திர அரக்கர்கள் எல்லா உலகங்கள் மீதும் படையெடுத்துத் தோற்றார்கள். அதன் பிறகு பல பிளேன்ஸ்வாக்கர்களுக்கு (உலகம் விட்டு உலகம் போகும் மந்திரக்காரர்களுக்கு) அந்தத் திறனைத் தரும் ஸ்பார்க் அணைந்துபோனது, சந்திராவின் காதலி நிஸ்ஸாவுக்கும்தான். அதே நேரம் உலகங்களுக்கு இடையே ஓமன்பாத் என்ற வாசல்கள் திறந்துகொண்டன, இப்போது சாதாரண ஆள்கூட வண்டியோடு அடுத்த உலகத்துக்குப் போய்வரலாம். அந்த வாசல்கள் வழியாக ஆவிஷ்கார், அமோன்கெட், முரகாண்டா என மூன்று உலகங்களைச் சுற்றும் பந்தயம்தான் கிராப்பூர் கிராண்ட் ப்ரீ. பரிசு ஈத்தர்ஸ்பார்க், உலகம் தாண்டும் திறனைத் தரும் பொருள். அதை ஜெயித்து நிஸ்ஸாவுக்குக் கொடுக்க வேண்டும் என்றுதான் சந்திரா ஓடுகிறாள். இவ்வளவு நேரான, மனசைத் தொடுகிற ஒரு காரணம் இந்த விளையாட்டின் கதையில் வந்து ரொம்ப நாளாயிற்று.

என் குறை வேறு. மூன்று உலகங்களை ஒரே செட்டில் அடைத்ததால் எதிலும் நின்று பார்க்க நேரம் இல்லை. முரகாண்டா 2007-ல் ஃப்யூச்சர் சைட்டில் முரகாண்டா பெட்ரோகிளிஃப்ஸ் என்ற கார்டில் எட்டிப் பார்த்த உலகம். திறன் எதுவும் இல்லாத கிரியேச்சர்களுக்கு (களத்தில் சண்டை போடும் உயிர்களுக்கு) தாக்கும் பலத்திலும் தாங்கும் பலத்திலும் +2/+2 கொடுக்குமே, அதேதான். பதினெட்டு வருஷம் காத்திருந்தவர்களுக்கு ஜன்னலோரக் காட்சி மாதிரி காட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அமோன்கெட்டுக்கு நியாயம் செய்திருக்கிறார்கள். போலாஸ் என்ற டிராகன் அழித்த கடவுள்களின் இடத்துக்குப் புதியவர்கள் வந்திருக்கிறார்கள், தப்பிய கடவுள் ஹஸோரெட்டின் பேருக்குப் பின்னால் 'காட்சீக்கர்' (கடவுளைத் தேடுபவள்) என்று போட்டிருப்பதற்கும் அர்த்தம் இருக்கிறது.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன். புது விஷயம் ஸ்பீடு. 'ஸ்டார்ட் யுவர் என்ஜின்ஸ்' என்று எழுதிய பெர்மனென்ட் (களத்திலேயே தங்கும் கார்டு) உன் பக்கம் வந்த உடனே உன் ஸ்பீடு 1. அதன்பின் உன்னுடைய டர்னில் (முறையில்) எதிராளி உயிர்ப்புள்ளி இழந்தால் ஒன்று ஏறும், ஒரு டர்னுக்கு ஒரு தடவைதான், உச்சம் 4. நாலைத் தொட்டால்தான் 'மேக்ஸ் ஸ்பீடு' என்று எழுதியிருக்கும் திறன்கள் வேலை செய்யும். இதில் எல்லோரும் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. ஸ்பீடு கார்டுக்குச் சொந்தம் இல்லை, ஆட்டக்காரனுக்குச் சொந்தம். கார்டு செத்தாலும் ஸ்பீடு இறங்காது. அடி மட்டும் அல்ல, எதிராளி உன் டர்னில் தானாகவே உயிர்ப்புள்ளியைக் கட்டணமாகக் கட்டினாலும் ஏறும். அவனுடைய டர்னில் நீ எத்தனை அடி கொடுத்தாலும் ஏறாது. பாய்சன் கவுண்டர் என்ற விஷப் புள்ளி கணக்கில் வராது. ஒரு பகடையை ஸ்பீடுக்கென்றே தனியாக வை, உயிர்ப்புள்ளித் தாளில் ஓரமாகக் குறித்தால் மறந்துவிடுவாய்.

கணக்குப் போட்டுப் பார். முதல் டர்னில் பர்ன்அவுட் பாஷ்ட்ரோநாட் என்ற ஸ்பீடு கிரியேச்சரை இறக்கி, இரண்டு, மூன்று, நாலு என்று மூன்று டர்னும் அடி விழ வைத்தால் நாலாவது டர்னில் உச்சம். அதற்கு மெனஸ் இருக்கிறது, ஒற்றை ஆளால் தடுக்க முடியாது, அதனால் இது நடக்கக்கூடியதே. ஆனால் ஐந்தாவது டர்னில் முதல் ஸ்பீடு கார்டை இறக்குகிற டெக்கில் மேக்ஸ் ஸ்பீடு வெறும் அலங்காரம். ஹஸோரெட் இரண்டு மானாவுக்கு (கார்டை இறக்கக் கட்டும் சக்திக்கு) 5/3, அழிக்க முடியாத இன்டெஸ்ட்ரக்டிபிள், வந்த டர்னிலேயே தாக்கவிடும் ஹேஸ்ட். பார்க்கும்போதே வாய் பிளக்கும். உச்சம் தொடும்வரை அது தாக்கவும் முடியாது, தடுக்கவும் முடியாது. ஒன்று, இரண்டு மானா கிரியேச்சர்கள் பத்துக்குக் குறைவாக உள்ள டெக்கில் அதைப் போடாதே.

வெஹிக்கிள், அதாவது வண்டிக் கார்டு, நீ அறிந்ததே, ஆனால் உன் பழைய தவறுகளை நான் மறக்கவில்லை. க்ரூ செய்வது, அதாவது கிரியேச்சரைப் படுக்கப் போட்டு வண்டியை எழுப்புவது, தாக்குதலை அறிவிப்பதற்கு முன்னால், காம்பட் (சண்டை) தொடங்கும் கட்டத்தில். இப்போதுதான் இறங்கிய கிரியேச்சரும் க்ரூ செய்யலாம், ஆனால் இப்போதுதான் இறங்கிய வண்டி ஹேஸ்ட் இல்லாமல் தாக்க முடியாது. க்ரூ செய்து முடித்தபின் ஓட்டுநரைக் கொன்றாலும் வண்டி ஓடும். 3/3 ஆளைப் படுக்கப் போட்டு 3/3 வண்டியை எழுப்பினால் லாபம் ஒன்றும் இல்லை. 1/1 ஆள் எழுப்பினால்தான் லாபம். அதற்காகவே பைலட் டோக்கன்கள் (வேறு கார்டு களத்தில் உருவாக்கும் ஆட்கள்) இருக்கின்றன. 1/1 தான், ஆனால் க்ரூ செய்யும்போது பவர் 2 கூடுதலாகக் கணக்காகும். மவுன்ட், அதாவது சவாரி மிருகம், வேறு மாதிரி. அது எப்போதுமே கிரியேச்சர், யாரும் ஏறாமலே தாக்கும். சேடில் செய்வது (ஆளை அதன்மேல் ஏற்றுவது) சார்சரி நேரத்தில் மட்டும், அதாவது மெயின் ஃபேஸிலேயே முடித்துவிட வேண்டும். காம்பட்டுக்குப் போனபின் ஞாபகம் வந்தால் வண்டி போய்விட்டது என்று அர்த்தம்.

ட்ராஃப்டில் (பாக்கெட் பிரித்து மாற்றி மாற்றிக் கார்டு எடுத்து ஆடும் முறையில்) 40 கார்டு, அதில் மானா தரும் லேண்ட் 17, வண்டி இரண்டு அல்லது மூன்று. நாலுக்கு மேல் போனால் ஓட்ட ஆள் இல்லாத டிப்போ ஆகிவிடும்.

எக்ஸாஸ்ட் என்பது ஒரே ஒரு தடவை பயன்படுத்தும் திறன். ஆனால் கார்டு கைக்குப் போய்த் திரும்பினால் அது புதுக் கார்டு, மறுபடி பயன்படுத்தலாம். லூட் தி பாத்ஃபைண்டரைப் பார். பச்சை மானா கட்டினால் மூன்று மானா, நீலத்துக்கு மூன்று கார்டு, சிவப்புக்கு மூன்று டேமேஜ். பிளாக் லோட்டஸ், ஆன்சஸ்ட்ரல் ரீகால், லைட்னிங் போல்ட் என்ற மூன்று புகழ்பெற்ற பழைய கார்டுகளையும் ஒரு குட்டி மிருகத்தின் மேல் எழுதியிருக்கிறார்கள். ஐந்து மானாவில் மூன்று நிறம் கேட்கிறது, அதனால் போட்டி ஆட்டத்துக்குக் கொஞ்சம் கனம். பலர் சேர்ந்து ஆடும் கமாண்டர் வகைக்குக் கொண்டாட்டம்.

ஈத்தர்ஸ்பார்க் கார்டும் விசித்திரம், பிளேன்ஸ்வாக்கரும் எக்யூப்மென்ட்டும் (கிரியேச்சர் அணியும் கருவியும்) ஒன்றாக. நாலு மானா, பிளேன்ஸ்வாக்கரின் உயிர் மாதிரியான லாயல்டி 4. எக்யூப் கட்டணமே கிடையாது, லாயல்டியை ஒன்று கூட்டும் +1 திறனால் மட்டும்தான் ஒரு கிரியேச்சரிடம் ஒட்டும், அந்தக் கிரியேச்சருக்கு ஒரு +1/+1 கவுண்டரும் கிடைக்கும். ஒட்டியிருக்கும்வரை அதை யாரும் தாக்க முடியாது, உன் டர்னில் அந்தக் கிரியேச்சர் காம்பட்டில் கொடுக்கும் அடி அத்தனையும் லாயல்டி ஆகும். 3 பவர் ஆளிடம் ஒட்டி அடித்தால் லாயல்டி அன்றே 5 + 4 = 9. அடுத்த டர்னில் ஐந்தைச் செலவழித்து இரண்டு கார்டு. ஆனால் அந்த ஆள் செத்தால் ஈத்தர்ஸ்பார்க் தனியாகக் கிடக்கும், அடுத்த தாக்குதலில் போய்விடும். கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடுபவனையே எல்லோரும் குறிவைப்பார்கள் என்ற கதையை இந்தக் கார்டு சரியாகச் சொல்கிறது. 'சந்திரா, ஸ்பார்க் ஹன்டர்' என்ற கார்டு அதைவிட நேரடி. 0 திறனால் 3/2 வண்டி டோக்கன், அதே டர்னில் காம்பட் தொடங்கும்போது அவளே ஆளில்லாமல் எழுப்பி ஹேஸ்ட்டும் கொடுத்துவிடுவாள்.

ஆனால் உண்மையில் போட்டிகளில் ஓடிக்கொண்டிருக்கும் கார்டுகளுக்கும் பந்தயத்துக்கும் சம்பந்தமே இல்லை, அதுதான் இந்த செட்டின் வேடிக்கை. ஸ்டாக் அப் வெறும் அன்காமன் (நடுத்தர அபூர்வம்). மூன்று மானா கட்டி, டெக்கின் மேலே உள்ள ஐந்து கார்டைப் பார்த்து இரண்டை எடுத்துக்கொள்ளலாம். படம் இல்லாமலே வாங்கலாம். மான்யுமென்ட் டு எண்ட்யூரன்ஸ், நீ கையிலுள்ள கார்டை எறியும்போதெல்லாம் ஒரு கார்டு, மானா தரும் ஒரு ட்ரெஷர் டோக்கன், எதிராளிக்கு 3 இழப்பு, இவற்றில் அந்த டர்னில் எடுக்காத ஒன்றைத் தரும். ஒரு கார்டை எறிந்து வேறு கார்டு எடுக்கும் சைக்ளிங்கும் டிஸ்கார்டு (எறிதல்) கணக்குத்தான் என்பதைப் பலர் மறக்கிறார்கள். பக்கத்தில் மரோடிங் மேக்கோவையும் வைத்தால், எறியும் ஒவ்வொரு கார்டுக்கும் அந்த ஒரு மானா சுறா ஒரு சுற்றுப் பெருக்கும்.

அமோன்கெட்டின் புதுக் கடவுள் கெட்ரமோஸ்தான் எனக்குப் பிடித்தது. மூன்று மானாவுக்கு 4/4. எக்ஸைலில் (ஆட்டத்திலிருந்து விலக்கிய கார்டுகள் இருக்கும் இடத்தில்) இரண்டு பேருடையதும் சேர்த்து ஏழு கார்டு இல்லாவிட்டால் தாக்காது, தடுக்காது. ஆனால் உன் டர்னில், செத்த கார்டுகள் கிடக்கும் கிரேவ்யார்டிலிருந்தோ களத்திலிருந்தோ கார்டு எக்ஸைலுக்குப் போனால் ஒரு கார்டு எடுத்து 1 உயிர்ப்புள்ளி இழப்பாய். மாடர்ன் போட்டிவகையில் ரெலிக் ஆஃப் புரோஜெனிட்டஸ் என்ற பழைய கார்டோடு பார்: ரெலிக்கையே எக்ஸைல் செய்யும் கட்டணத்துக்கு ஒன்று, கிரேவ்யார்டுகள் காலியாவதற்கு ஒன்று, ரெலிக் தானே தரும் ஒன்று. ஆக மூன்று கார்டு, இழப்பு 2. டோக்கனை எக்ஸைல் செய்தால் எதுவும் கிடைக்காது, டோக்கன் கார்டு அல்ல. எதிராளி டர்னில் செய்தாலும் கிடைக்காது. உயிர்ப்புள்ளி குறைந்து நிற்கும்போது இந்த இழப்பு விருப்பத்தேர்வு இல்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்.

எனவே பாக்கெட்டுகள் அடங்கிய பாக்ஸ் வாங்காதே. தனிக் கார்டாக வாங்கு: ஸ்டாக் அப் நாலு, உன் நிறத்துக்கு ஏற்ற, இரண்டு நிற மானா தரும் வெர்ஜ் லேண்ட் நாலு. டஸ்க்மோர்ன் செட்டில் வந்த ஐந்தோடு இந்த ஐந்தும் சேர்ந்து பத்து நிற ஜோடிகளும் நிறைந்துவிட்டன, எந்த டெக் கட்டினாலும் அவை வீணாகாது.

இன்னொன்று. பரணில் ஸ்மக்லர்ஸ் காப்டர் என்ற வண்டிக் கார்டு நாலு இருக்கும் என்று எழுதியிருந்தாய். 2017 ஜனவரியில் ஸ்டாண்டர்டு போட்டிவகையில் தடை செய்தபோது நீ அவற்றைக் கோபத்தில் கொடுத்துவிடவில்லையே? பயனியர் போட்டிவகையிலும் தடையில்தான் இருந்தது, 2023 டிசம்பரில் விடுவித்துவிட்டார்கள். இறக்கிப் பார்த்து, ஈரத்தில் வளைந்திருக்கிறதா என்று மட்டும் அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் பழைய எதிராளி