தாத்தாவின் அபிக்சபான் மாத்திரை

அன்புள்ள தம்பி,

தாத்தாவுக்கு இதயத் துடிப்பு சீராகிவிட்டதே, இனியும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை வேண்டுமா என்று கேட்டிருந்தாய். கண்டிப்பாக வேண்டும். நாங்கள் தஞ்சாவூரிலிருந்து சிங்கப்பூர் திரும்பும்வரை மாத்திரை கொடுக்கப்போவது நீதான், அதனால் காரணத்தோடு எழுதுகிறேன்.

தாத்தாவுக்கு உள்ள ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறில் இதயத்தின் மேலறைகள் சரியாகச் சுருங்காமல் நடுங்கும். இடது மேலறையில் ஒட்டியிருக்கும் சிறு பையில் ரத்தம் தேங்கி உறையும். அந்த ரத்தக்கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் 5 மடங்கு. பிசோபிரலால் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும், அமியோடரோன் ஒழுங்கைக் காக்கும், அவ்வளவுதான். கட்டியைத் தடுப்பது அபிக்சபான். துடிப்பு தூக்கத்தில் தவறினால் அவருக்கே தெரியாது. அபிக்சபான் தேவையா என்று பார்க்க, பக்கவாத ஆபத்துக்கு மருத்துவர்கள் புள்ளி போடுகிறார்கள்: வயது 75ஐத் தாண்டியதற்கு 2, ரத்த அழுத்தத்துக்கு 1, நீரிழிவுக்கு 1. மொத்தம் 4. துடிப்பு சீரானாலும் இந்த 4 குறையாது.

காலை 8 மணிக்கு 5 மில்லிகிராம், இரவு 8 மணிக்கு 5. சுமார் 12 மணி நேரத்தில் மருந்தின் அளவு உடம்பில் பாதியாகிவிடும், ஆகவே ஒரு வேளை தவறினாலும் பாதுகாப்பு குறையும். மறந்தால் அன்றே நினைவு வந்ததும் கொடு. அடுத்த வேளைக்கு இரட்டிப்பாக வேண்டாம். ஒல்லியாக இருக்கிறாரே, பாதி போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. வயது 80 அல்லது அதிகம், எடை 60 கிலோ அல்லது குறைவு, சிறுநீரக நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியேட்டினின் லிட்டருக்கு 133 மைக்ரோமோல் அல்லது அதிகம், இந்த மூன்றில் இரண்டு இருந்தால்தான் 2.5. தாத்தாவுக்கு 78 வயது, 58 கிலோ, சிறுநீரகம் நலம், ஒன்றுதான் பொருந்துகிறது. 80 ஆனதும் பலதுறை மருந்தகத்தில் கேட்டு மாற்றவேண்டும்.

மூட்டு வலிக்குப் பாரசிட்டமால் மட்டும். இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம். சீன மருந்துக் கடை மூலிகைகளான டாங் குவாயும் கிங்கோவும் வேண்டாம். ஆஸ்பிரின் இதற்கு மாற்று ஆகாது. முருங்கைக்கீரைக் கட்டுப்பாடு, ரத்தம் உறையாமல் தடுக்கும் வேறொரு மருந்தான வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்குத்தான். தேக்கா சந்தையில் தாராளமாக வாங்கு. பல் பிடுங்குவதானால் மருத்துவரிடம் கேட்காமல் நிறுத்தாதே.

மலம் கறுத்தாலோ, தலையில் அடிபட்டாலோ, காயம் தெரியாவிட்டாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும்.

முகம் ஒரு பக்கம் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால் 995ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கூப்பிடு. டாக்சி பிடிக்காதே. கடைசியாக எப்போது நலமாக இருந்தார் என்பதையும் கடைசி அபிக்சபான் எத்தனை மணிக்கு என்பதையும் சொல். கட்டி கரைக்கும் ஊசி பொதுவாக முதல் 4.5 மணி நேரத்துக்குள் போடுவது. அபிக்சபான் அண்மையில் சாப்பிட்டிருந்தால் பெரும்பாலும் போடமாட்டார்கள், குழாய் வழியே கட்டியை எடுக்க முடியுமா என்று பார்ப்பார்கள்.

ஒவ்வொரு வேளை கொடுத்த நேரத்தையும் குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டு. மாத்திரை பத்து நாளுக்குக் குறைந்தால் அன்றே போய் வாங்கிவிடு.

அன்புடன்,
அம்மா