சைக்கிளுக்கு அபராதம்: சிட்னி நண்பனுக்கு ஒரு கடிதம்

மயிலாப்பூர்,
சென்னை.

அன்புள்ள சிவராமனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து நீ மறுபடியும் சைக்கிள் மிதிக்கத் தொடங்கியிருப்பது மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. நானும் கடைகண்ணிக்கும் நூலகத்துக்கும் இன்னமும் சைக்கிளில்தான் போய்வருகிறேன். உங்கள் ஊரைப்போலச் சென்னையிலும் சைக்கிள்காரர்களுக்குக் கடுமையான விதிகளும் அபராதமும் வந்தால்தான் ஒழுங்கு பிறக்கும் என்று நீ எழுதியிருந்தாய். அதில் ஒரு பகுதியை ஒப்புக்கொள்கிறேன். மற்றதை ஏன் ஏற்க முடியவில்லை என்று சொல்கிறேன், கேள்.

2016 மார்ச்சில் உங்கள் மாநிலமான நியூ சவுத் வேல்ஸின் அரசு, ஹெல்மெட் இல்லாமல் சைக்கிள் ஓட்டுவதற்கான அபராதத்தை 71 டாலரிலிருந்து 319 டாலராகவும், சிவப்பு சிக்னலைத் தாண்டுவதற்கான அபராதத்தை 71-லிருந்து 425 டாலராகவும் ஒரேயடியாக ஏற்றியது. சைக்கிளைக் கடக்கும் கார் குறைந்தது ஒரு மீட்டர் தள்ளிப் போகவேண்டும், வேக வரம்பு 60 கிலோமீட்டருக்கு மேலுள்ள சாலையில் ஒன்றரை மீட்டர் தள்ளிப் போகவேண்டும் என்ற விதியும் அப்போதுதான் வந்தது. அதை மீறும் கார்க்காரர் அப்போது கட்டவேண்டியிருந்ததும் அதே 319 டாலர்தான்; கூடவே அவருடைய உரிமத்தில் இரண்டு தண்டனைப் புள்ளிகள் ஏறும். தன் தலைக்கு மட்டும் ஆபத்தை வரவழைத்துக்கொள்பவரிடமும், அடுத்தவர் உயிரோடு விளையாடுபவரிடமும் ஒரே தொகையை வசூலிப்பதை என்னால் நியாயம் என்று சொல்ல முடியவில்லை. எவ்வளவு சேதம் விளைவிக்க முடியுமோ அதற்கேற்பத்தான் தண்டனை இருக்கவேண்டும்.

நம் ஊர் நிலைமை வேறு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி சைக்கிள் மோட்டார் வாகனமே அல்ல. ஆகையால் அதற்கு உரிமமும் காப்பீடும் ஹெல்மெட்டும் கட்டாயமில்லை. ஹெல்மெட் போடாமல் பைக் ஓட்டுபவருக்கு 2022 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் ஆயிரம் ரூபாய் அபராதம் விதிக்கிறார்கள். அதே ஆயிரத்தைச் சைக்கிளுக்கும் கொண்டுவந்தால் யார் தலையில் விழும் என்று எண்ணிப் பார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கூட்டமாகப் போகிறவர்கள் ஏற்கெனவே ஹெல்மெட்டும் மின்னும் விளக்குகளுமாகத்தான் வருகிறார்கள். அவர்களில் எனக்குப் பழக்கமான சிலர் சட்டம் வந்தால் நல்லது என்றே சொல்கிறார்கள். ஆனால் நாள்தோறும் சைக்கிளை நம்பிப் பிழைப்பவர்கள் பால் பாக்கெட் போடுபவரும், கேரியரில் டீ கேனைக் கட்டிக்கொண்டு கட்டட வேலை நடக்கும் இடங்களுக்குப் போகிறவரும், இரவுப் பணி முடிந்து திரும்பும் வாட்ச்மேனும்தான். அவர்களுக்கு ஆயிரம் ரூபாய் என்பது அந்த வார மளிகைச் செலவு.

எதிர்த்திசையில் வருவதைப் பற்றியும் நீ குறைபட்டிருந்தாய். அது தவறுதான், ஆபத்தும்தான். ஆனால் பழைய மகாபலிபுரம் சாலையில் எதிர்ப்பக்கத்துக் கடைக்குப் போகவேண்டிய ஒருவர், யூ-டர்ன் வரை நெடுந்தூரம் மிதித்துப்போய், வேகமாக வரும் வண்டிகளுக்கு நடுவே திரும்பி, அதே தூரத்தை மறுபடி மிதித்து வரவேண்டியிருக்கிறது. இங்கே லஸ் பக்கத்தில் மெட்ரோ வேலைக்காகப் போக்குவரத்தைத் திருப்பி விட்டிருப்பதிலும் இதே தொல்லைதான். காரில் இருப்பவருக்கு அது சில நிமிடம். ஐம்பது கிலோ அரிசி மூட்டையோடு வெயிலில் மிதிப்பவருக்கு அது உடம்பை வாட்டும் உழைப்பு. சைக்கிள் கடக்க ஒரு வழியை விட்டுவைக்காமல் அபராதத்தை மட்டும் வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

விளக்கு விஷயத்தில் மட்டும் நான் முழுக்க உன் பக்கம். நம் கல்லூரி நாட்களில் இருட்டிய பிறகு விளக்கில்லாமல் போனாலும் டபுள்ஸ் போனாலும் போலீஸ்காரர் நிறுத்துவார், நினைவிருக்கிறதா? டைனமோ டயரில் உரசினால் மிதி கனக்கும் என்பதால் பலர் அதை விலக்கி வைத்துவிட்டு, காக்கிச் சட்டையைக் கண்டதும் சட்டென்று சாய்த்துக்கொள்வார்கள். இப்போது டைனமோவும் இல்லை, அந்தப் பயமும் இல்லை. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவின் மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். டியூஷன் முடிந்து திரும்பவே இரவு எட்டு மணி ஆகிவிடுகிறது. அவளுடைய சைக்கிளின் பின் மட்கார்டில் சிவப்பு ஒளிர்நாடாவை ஒட்டி, சீட்டுக்குக் கீழே ஒரு சிறிய எல்.இ.டி. விளக்கை மாட்டிக்கொடுத்தேன். தெருவிளக்கு எரியாத இடத்தில் நின்று பார்த்தபோது, முன்பு நிழலாகக்கூடத் தெரியாத சைக்கிள் தெருமுனை வரை தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அந்த விளக்கை ரயில் நிலைய ஸ்டாண்டில் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதனால் இப்போது திருகாணி போட்டு முடுக்கும் வகையாக வாங்கிப் பொருத்தியிருக்கிறேன்.

ஜப்பானில் 2026 ஏப்ரல் முதல், பதினாறு வயது நிரம்பிய சைக்கிள்காரர்களுக்கு அந்த இடத்திலேயே அபராதச் சீட்டு கொடுக்கும் முறையைக் கொண்டுவந்திருக்கிறார்கள். கைப்பேசி பார்த்துக்கொண்டு ஓட்டினால் 12,000 யென், சிக்னலை மீறினால் 6,000, விளக்கில்லாமல் போனாலும் குடை பிடித்துக்கொண்டு ஓட்டினாலும் 5,000. கைப்பேசிக்கு மற்றவற்றைவிடக் கூடுதலாக வைத்தது சரி என்றே எனக்குப் படுகிறது. நெதர்லாந்தைப் பார். அங்கே சாதாரண சைக்கிளுக்கு ஹெல்மெட் கட்டாயமில்லை. விளக்கில்லாமல் போனால் அபராதம் உண்டு, 2019 ஜூலை முதல் ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் எடுப்பதற்கும் தடை உண்டு. அதோடு, காரும் சைக்கிளும் மோதினால் பெரும்பாலும் கார் தரப்பே இழப்பீட்டுக்குப் பொறுப்பு. அந்தக் கடைசி விதி இல்லாமல் விளக்கு, கைப்பேசி விதிகளை மட்டும் இங்கே இறக்குமதி செய்தால், இழப்பு முழுவதும் எளியவன் பக்கமே சேரும்.

எங்கள் வார்டு கவுன்சிலரிடம் ஒரு மனு கொடுக்கலாம் என்றிருக்கிறேன். விளக்கில்லாத சைக்கிளை நிறுத்தும் காவலர், முதல் முறை அபராதம் போடாமல் அங்கேயே ஒளிர்நாடா ஒட்டி அனுப்பவேண்டும் என்பதும், சைக்கிள் சக்கரம் இறங்கிவிடும் அளவுக்கு இடைவெளியுள்ள வடிகால் கம்பி மூடிகளை மாற்றவேண்டும் என்பதும் அதில் இருக்கும். அந்த ஒரு மீட்டர் இடைவெளி விதியை உங்கள் ஊர்ப் போலீசார் எப்படி நிரூபிக்கிறார்கள், அதற்காக உண்மையிலேயே யாருக்காவது அபராதம் போட்டதை நீ பார்த்திருக்கிறாயா என்று விவரமாக எழுது. அதையும் மனுவில் சேர்த்துக்கொள்கிறேன்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கதிரேசன்