ஒரு துறைக்குள் அடங்காத படிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சுற்றுச்சூழலைப் பல துறைகளை இணைத்துக் கற்பிக்கும் பட்டப்படிப்பை, எதையும் ஆழமாகத் தொடாத கலவை என்று ஒதுக்குவோர் உண்டு. அந்த ஐயம் முழுவதும் தவறன்று. ஆனால் பச்சைப் பாசி படர்ந்த ஓர் ஏரியில் விடியற்காலையில் மீன்கள் செத்து மிதப்பதை எண்ணிப் பாருங்கள். வயலிலிருந்து வழிந்துவரும் உரத்தின் நைட்ரஜனும் பாஸ்பரசும் பாசியைப் பெருக்குவதையும், மடிந்த பாசி அழுகும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோவதையும் வேதியியலும் உயிரியலும் விளக்கிவிடும். அந்த உரம் ஏன் அளவுக்கு மீறி இடப்பட்டது என்பதற்கான விடையோ மானியத்திலும் விளைபொருள் விலையிலும் சட்டத்திலும் கிடக்கிறது.

குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன்கள் என்னும் வேதிப்பொருட்கள் ஓசோன் படலத்தைச் சிதைக்கக்கூடும் என்று வேதியியலாளர்களான மோலினாவும் ரோலண்டும் எழுதியது 1974-இல். அந்த எச்சரிக்கை 1987-இல், அவ்வேதிப்பொருட்களைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான மான்ட்ரியல் உடன்படிக்கையாக உருப்பெற, சட்டமும் வணிகமும் அரசியலும் அறிந்தவர்கள் தேவைப்பட்டனர்.

எனவே தொடக்க ஆண்டுகளில் புள்ளியியலையும் ஓர் அடிப்படை அறிவியலையும் கட்டாயமாக்கி, இறுதியாண்டில் வெவ்வேறு துறைப் பேராசிரியர் இருவர் சேர்ந்து வழிநடத்தும் கள ஆய்வை வைக்க வேண்டும். மூன்று துறைகளின் அறிமுகப் பாடங்களை ஒரே கால அட்டவணையில் அடுக்கிவிட்டு (அதுவும் நடக்கத்தான் செய்கிறது) அதற்குப் புதுப்பெயர் சூட்டுவது மாணவரை ஏமாற்றுவதாகும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர்