உப்புவெளி அக்காவுக்கும் திருகோணமலையார் அனைவருக்கும்

பெருமதிப்பிற்குரிய திருகோணமலை மக்களுக்கு, கும்பகோணத்திலிருந்து எழுதும் ஒரு குடும்பத்தின் பணிவான வணக்கம்.

கடந்த மே மாதம் பள்ளி விடுமுறையில் என் தாயார், கணவர், பிள்ளைகள் இருவர், நான் என ஐவராக ஆறு நாட்கள் உங்கள் ஊரில் தங்கியிருந்தோம். ஊர் திரும்பிய பிறகு தெரிந்தவர்களுக்கெல்லாம் தொலைபேசியில் நன்றி சொல்லிவிட்டோம். ஆனால் பலரிடம் சொல்லவே முடியவில்லை; பெயரையும் எண்ணையும் கேட்டு வைத்துக்கொள்ளும் நிலையில் அன்று நாங்கள் இல்லை. அவர்களில் ஒருவர் கண்ணிலாவது படட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். பெயர் போடக் கூடாது என்று, நாங்கள் தங்கிய உப்புவெளி விடுதியின் அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் யாருடைய பெயரும் இதில் இராது. படிக்கும்போது இன்னார் என்று அவரவருக்கே தெரிந்துவிடும்.

திருகோணமலைக்கு வர வேண்டும் என்பது என் தந்தையாரின் விருப்பம். நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் ஓடத் தொடங்கிய செய்தியைப் படித்த அன்றே, கோணேசப் பெருமானுக்குச் சாத்துவதற்கென்று வெள்ளியில் ஒரு வில்வ இலை செய்து வாங்கிவந்து பூஜை அறையில் வைத்தார். பாடல் பெற்ற தலங்களில் ஈழத்தில் இருப்பவை கேதீச்சரமும் கோணமலையும். காவிரிக் கரைத் தலங்களையெல்லாம் நடையாகவே பார்த்து முடித்திருந்த அவருக்கு அவை இரண்டும் பாக்கி. அடுத்த ஆண்டே அவர் காலமாகிவிட்டார். அந்த இலையைத்தான் அம்மா தன்னுடைய மருந்துப் பையில், இன்சுலின் குப்பிகளுக்குப் பக்கத்தில், மஞ்சள் துணியில் சுற்றி வைத்து எடுத்து வந்தார். எங்கே போனாலும் அவர் கையை விட்டுப் போகாத பை அது ஒன்றுதான்.

அந்தப் பையை யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பேருந்தில் விட்டுவிட்டோம். தவறு முழுவதும் எங்களுடையது. வவுனியா வழியாகப் பகல் முழுவதும் வெயிலில் வந்த களைப்பில் மகள் உறங்கிவிட்டாள். அவளை எழுப்பித் தோளில் சாய்த்துக்கொள்வதற்காக அம்மா பையை இருக்கைக்கு அடியில் தள்ளி வைத்தார். பெட்டிகளை எண்ணிய நான் பையை எண்ணவில்லை. உப்புவெளி விடுதிக்கு வந்து, குளித்து, இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஊசி போடலாம் என்று தேடும்போதுதான் தெரிந்தது. கிளம்பும் அவசரத்தில் காலை ஊசியையும் போடாமல் விட்டிருந்ததை அம்மா அப்போதுதான் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வாந்தி வந்தது.

விடுதி அக்காவை அதற்கு முன் நாங்கள் அறிந்திருந்தது ஒரு மணி நேரம் மட்டுமே. அவர் எங்களிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், “சீனி வருத்தமோ?” என்றார், அவ்வளவுதான், அடுத்த நிமிடம் ஒரு கையில் தொலைபேசியும் மறு கையில் அம்மாவின் தோளுமாக வாசலில் நின்றார். அவசர ஊர்திக்கு 1990 என்ற எண்ணை ஒரு தாளில் எழுதி என் கணவரிடம் கொடுத்துவிட்டு, ஓட்டோக்காரத் தம்பி அடுத்த வீட்டிலேயே இருக்கிறார், அதைவிட விரைவாகப் போய்விடலாம் என்றார். (அந்த 1990 சேவை 2016இல் இந்திய நன்கொடையில் தொடங்கப்பட்டது என்பதை இந்தியர்களாகிய எங்களுக்கு அவர்தான் சொன்னார்.) பிள்ளைகள் இருவரையும் தன் வீட்டில் வைத்துக்கொண்டு, இடியப்பமும் சொதியும் கொடுத்து, தன் மகளோடு படுக்க வைத்தார். விடிந்து நாங்கள் வந்து எழுப்பும்வரை பாட்டிக்கு என்ன ஆனது என்பதே அவர்களுக்குத் தெரியாது.

வழியில் திறந்திருந்த ஒரு பாமசியில் ஓட்டோவை நிறுத்தச் சொன்னேன். மருந்தின் பெயரைச் சொல்லி ஒரு குப்பி கேட்டேன். அங்கிருந்த ஐயா மருந்தை எடுக்காமல் கருவியை எடுத்து அம்மாவின் விரலில் ஒரு துளி இரத்தம் பார்த்தார். 342 காட்டியது. “வைத்தியரின்ர துண்டு இல்லாமல் நான் இதைத் தரேலாது, தரவும் கூடாது. சத்தியும் இருக்கு. முதல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ” என்றார். (துண்டு என்றால் மருந்துச் சீட்டு, சத்தி என்றால் வாந்தி.) அந்த நேரத்தில் எனக்கு அவர்மீது கோபம் வந்தது என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். அந்தக் கோபத்துக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அரசு வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில் எங்களைப் பார்த்தவர் ஓர் இளம் சிங்கள வைத்தியர். அவருடைய தமிழ் ஐம்பது சொற்களுக்கு மேல் இராது. அந்த ஐம்பதையும் அம்மாவுக்காகவே சேர்த்து வைத்திருந்தவரைப் போல ஒவ்வொன்றாகப் பயன்படுத்தினார். “அம்மா, பயம் வேண்டாம், சீனி கூட, குறையும்” என்று அவர் சொன்னதை அம்மா இன்றைக்கும் அதே தொனியில் சொல்லிக் காட்டுகிறார். சிறுநீரையும் இரத்தத்தையும் சோதித்து, சேலைன் ஏற்றி, மணிக்கு ஒருமுறை அளவு பார்த்து, 180க்கு வந்த பிறகே, அதிகாலை இரண்டு மணி தாண்டி, எங்களை அனுப்பினார். வைத்தியர் சொன்னதைத் தாதி ஒருவர் பொறுமையாக எங்கள் தமிழில் சொன்னார். பக்கத்துக் கட்டிலில் தன் தகப்பனாருக்குத் துணையிருந்த மூதூர் சகோதரி ஒருவர், நான் மாலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பதை எப்படியோ கண்டுகொண்டு, தன் சுடுதண்ணிப் போத்தலிலிருந்து தேநீர் ஊற்றி, இரண்டு ரொட்டியைத் தாளில் வைத்து நீட்டினார். தம்பி அவ்வளவு நேரமும் வெளியே வண்டியில்தான் இருந்தார். காத்திருப்புக்குப் பணம் கொடுத்தபோது வாங்கவில்லை. “நீங்க எங்கட ஊருக்கு வந்த ஆக்கள்” என்று மட்டும் சொன்னார்.

காலையில் துண்டோடு அதே பாமசிக்குப் போனோம். கடை திறக்கும் நேரம் ஆகவில்லை. தம்பி தொலைபேசியில் சொன்னதைக் கேட்டு ஐயா முன்னதாகவே வந்து திறந்து வைத்திருந்தார். மருந்து மட்டும் போதும், ஊசிகள் எங்கள் துணிப் பெட்டியில் இருக்கின்றன என்றேன். குப்பியை மேசையில் வைத்தவர், அதன்மேல் இருந்த கையை எடுக்கவில்லை. “ஊசியை ஒருக்காக் காட்டுங்கோ அம்மா.” அம்மா தன் பர்ஸிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதன் சிவப்பு மூடியை அவர் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். குழாயில் அச்சிட்டிருந்த கோடுகளை நகத்தால் தொட்டு எண்ணினார். பிறகு குப்பியை அதன் அருகில் நிறுத்தினார். “இது நாப்பது. நான் தாறது நூறு. இதில இருபது எண்டு நினைச்சு இழுத்தா ஐம்பது ஏறிடும்.”

தமிழ்நாட்டில் நாங்கள் வழக்கமாக வாங்கும் குப்பியில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகு மருந்து. அதற்கேற்ற ஊசியின் மூடி சிவப்பு. அவர் கொடுத்த குப்பியில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 அலகு. அதற்குரிய ஊசியின் மூடி செம்மஞ்சள். மருந்தின் பெயர் ஒன்று, குப்பியின் உருவமும் ஏறக்குறைய ஒன்று. பதினோரு ஆண்டுகளாகத் தானே ஊசி போட்டுக்கொள்பவர் அம்மா. கண்ணை மூடிக்கொண்டும் இருபதாவது கோட்டில் நிறுத்துவார். அன்றும் அப்படித்தான் நிறுத்தியிருப்பார். இரண்டரை மடங்கு மருந்தை ஏற்றிக்கொண்டு, இரவு முழுவதும் விழித்த அசதியில் படுத்து உறங்கியிருப்பார். நாங்களும் தூங்கட்டும் என்று விட்டிருப்போம். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது. ஐயா பத்துச் செம்மஞ்சள் மூடி ஊசிகளைக் கொடுத்துவிட்டு, எங்களிடம் மிச்சமிருந்த சிவப்பு மூடி ஊசிகளைக் கேட்டு வாங்கித் தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். ஊருக்குப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம், இங்கே இருக்கும்வரை இரண்டும் ஒரே பையில் இருக்கக் கூடாது என்றார். தமிழ்நாட்டிலிருந்து வெளிநாடு செல்லும் சர்க்கரை நோயாளிகள் இந்தப் பத்தியை மட்டுமாவது கவனமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பையின் கதைக்கு வருகிறேன். பேருந்து நிலையத்தில் நேரம் குறிக்கும் அலுவலர் ஒருவர், தம்பி கேட்டுக்கொண்டதற்காக மூன்று பேருந்துகளின் பணியாளர்களுக்குத் தொலைபேசி செய்து விசாரித்தார். எங்கள் பேருந்து அன்று மாலையே யாழ்ப்பாணம் திரும்பிவிட்டிருந்தது. பையை நடத்துநர் கண்டெடுத்திருந்தார்; திறந்து பார்த்து, உள்ளே மருந்துக் குப்பிகள் இருப்பதைக் கண்டு, யாழ்ப்பாணத்தில் தமக்குத் தெரிந்த தேநீர்க் கடையின் குளிர்சாதனப் பெட்டியில் குப்பிகளை வைக்கச் சொல்லியிருக்கிறார். மூன்றாம் நாள் மாலை, மீன் பெட்டிக்குப் போடும் ஐஸ் துண்டுகளைப் பொலித்தீன் பையில் கட்டி, அதன் நடுவே குப்பிகளை வைத்து, எங்கள் பையோடு கொண்டுவந்து சேர்த்தார். ஐஸோடு நேரே பட்டு உறைந்துபோன இன்சுலினைப் பிறகு பயன்படுத்தக் கூடாது என்று பாமசி ஐயா சொன்னதால் அந்தக் குப்பிகளை அப்புறப்படுத்த வேண்டியிருந்தது. அதனால் அந்த நடத்துநருக்கு நாங்கள் பட்ட கடன் ஒரு துளியும் குறையாது. யாரோ ஒரு முதியவளின் மருந்து கெட்டுவிடக் கூடாது என்று இருநூறு கிலோமீட்டருக்கும் மேலாக ஐஸ் கட்டிக் கொண்டுவந்த அந்த அன்பருடைய முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. பையை வாங்கியது தம்பி. மஞ்சள் துணி கட்டியது கட்டியபடி இருந்தது.

நான்காம் நாள் காலை கோட்டை வாசல் வழியாகக் கோணேசர் கோயிலுக்கு ஏறினோம். புள்ளிமான்கள் வழியில் நின்று பிள்ளைகளின் கையைப் பார்த்தன. செருப்பைக் கழற்றிய இடத்திலிருந்து தரை சுட்டது; அம்மா கால் மாற்றி மாற்றி வைப்பதைக் கண்ட பூக்கடை அம்மா ஒருவர், ஒரு வாளித் தண்ணீரை எடுத்து அவருக்கு முன்னே ஊற்றிக்கொண்டே நிழல்வரை நடந்தார். நிழலில் உட்கார வைத்த தொண்டர் ஐயா, அம்மா மூச்சு வாங்கும் நேரத்தில் கோயிலின் கதையைச் சொன்னார்: போர்த்துக்கேயர் 1620களில் கோயிலை இடித்து அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டியது, மண்ணுக்குள் மறைந்திருந்த திருவுருவங்கள் 1950இல் கிணறு வெட்டும்போது கிடைத்தது, இப்போதுள்ள கோயிலுக்கு 1963இல் குடமுழுக்கு நடந்தது. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அவர் இருந்திருந்தால் உங்களை இரண்டு மணி நேரம் விட்டிருக்க மாட்டார்” என்றார்.

பேருந்தில் நசுங்கியதாலோ என்னவோ, வெள்ளி இலையின் காம்பு சற்று வளைந்திருந்தது. குருக்கள் ஐயா அதைக் கையில் வாங்கி, கட்டை விரலால் மெதுவாக அழுத்தி நேராக்கினார். அப்பாவின் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டார். தட்டில் வேறு எதையும் வைக்காமல் அந்த ஓர் இலையை மட்டும் வைத்து உள்ளே கொண்டு போனார். நாங்கள் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. மாதுமை அம்பாள் சந்நிதியில் நிற்கும்போது அம்மா அழவில்லை, நான்தான் அழுதேன்.

நிலாவெளிக்கும் புறாத்தீவுக்கும் போனது அதன் பிறகுதான். பின்னேரம் போகலாமா என்று கேட்ட எங்களை, கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் காலமைதான் நல்லது என்று சொல்லி அடுத்த நாளுக்கு வரச் சொன்ன படகோட்டி அண்ணாவுக்கு ஒரு நாள் வருமானம் போனது. கரையிலேயே எல்லோருக்கும் மிதவைச் சட்டையின் வார்களைத் தானே இழுத்துப் பார்த்துக் கட்டினார். என் மகன் தீவின் கரையில் கிடந்த பவளத் துண்டொன்றைச் சட்டைப் பையில் போட்டபோது திட்டவில்லை. அவனைத் தண்ணீர் ஓரத்துக்கு அழைத்துப் போய், உயிருள்ள பவளத்தைக் காட்டி, அது எவ்வளவு மெதுவாக வளரும் என்று சொல்லி, அவன் கையாலேயே துண்டைத் திரும்பப் போட வைத்தார். பள்ளி ஆசிரியையாகிய நான் அவரிடம் ஒரு பாடம் கற்றேன். கடைசி நாள் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் அம்மா ஒவ்வொரு வாளி அள்ளி ஊற்றிக்கொண்டார், அக்கா துணைக்கு நின்றார்.

அக்காவுக்கு ஒரு செய்தி மட்டும் மீதி இருக்கிறது. மருந்துக் குப்பியைக் குளிர்ச்சியாகக் கொண்டு போவதற்கென்று நீங்கள் கொடுத்த எவர்சில்வர் பிளாஸ்க், திருப்பித் தருவதற்கு மறந்து, எங்களோடு கப்பலேறி கும்பகோணம் வந்துவிட்டது. அம்மா தினமும் அதைத் துடைத்து வைக்கிறார். ஆடி பிறந்ததும் எங்கள் தெருவிலிருந்து ஒரு குடும்பம் யாழ்ப்பாணம் வருகிறது. அவர்களிடம் கொடுத்து அனுப்புகிறோம். உள்ளே புதிதாக அரைத்த காப்பித் தூள் இருக்கும். அதில் பாதி பாமசி ஐயாவுக்கு.

இங்ஙனம்,
தங்கள் அன்புக்குக் கடமைப்பட்ட குடும்பத்தார்,
கும்பகோணம்.