மூன்றாம் பேஸ் டிரம்மின் அப்பா எழுதுவது

அன்புள்ள சார்,

எனக்கு நன்றி சொல்ல வருவது தமிழில்தான், அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். உங்களுக்கு ஆங்கிலத்தில் சொல்வதாக மகள் ஒப்புக்கொண்டிருக்கிறாள். தன்னைப் பற்றி வரும் இடங்களை எல்லாம் விழுங்கிவிடுவாள், தெரியும்.

பள்ளி கேஃபட்டீரியாவில் நடந்த பேண்ட் சீசன் விருந்தில், விடைபெற்றுப் போகிறவர்கள் எல்லாரும் கண் கலங்கிப் பேசினார்கள். பிள்ளைகளுக்கு டிரம் சொல்லித்தந்த நீங்களும் போகிறவர்தான். நீங்கள் மைக்கை வாங்கியதும் டிரம் தோலை முறுக்கும் சாவிகள் எந்த டிராயரில் இருக்கின்றன என்று சொன்னீர்கள். டெனர் டிரம்மைத் தோளில் மாட்டும் கேரியர்களில் எதில் திருகு தளர்ந்திருக்கிறது என்று சொன்னீர்கள். அப்புறம், "அடுத்து வருகிறவர் எல்லாவற்றையும் மாற்றுவார். குச்சி பிடிக்கும் விதத்தைக்கூட மாற்றலாம். பழைய சார் இப்படிச் சொல்லித்தரவில்லை என்று யாரும் அவரிடம் போய் நிற்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். அவ்வளவுதான் பேச்சு. தட்டில் பிரிஸ்கெட் கறி ஆறிக்கொண்டிருந்தது, டிரம்லைன் மேஜையில் ஒரு பிள்ளையும் தொடவில்லை.

அந்தக் கடைசி வேண்டுகோள் நிறைவேறாது சார். போய் நிற்கத்தான் போகிறார்கள். ஏன் என்று சொல்கிறேன்.

அதற்கு முன்னால், இதைப் படிக்கும் நம் ஊர் நண்பர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸில் உயர்நிலைப் பள்ளி பேண்ட் என்றால் அமெரிக்கன் ஃபுட்பால் மைதானத்தில் நடந்துகொண்டே வாசிப்பது. அதில் தோளில் டிரம் மாட்டியவர்கள் டிரம்லைன்: ஸ்னேர், நாலைந்து டிரம்கள் சேர்ந்த டெனர், பேஸ் டிரம்கள். எங்கள் பள்ளியில் பேஸ் ஐந்து, அளவு வேறு, சுருதியும் வேறு. வேகமாக ஓடும் ஒரு வரியை ஐந்து பேரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒன்-ஈ-அண்ட்-அ என்று எண்ணினால் என் மகளுக்கு அந்த 'அண்ட்' மட்டும்தான். அவள் சில வருஷம் மிருதங்கம் கற்றவள். அங்கே தகதிமி முழுவதும் அவளுடையது, இங்கே 'தி' மட்டும்.

வீட்டில் தனியாகப் பயிற்சி செய்தால் எப்படி இருக்கும்? பயிற்சிக்கான ரப்பர் பேடில் ஒரு டக், பிறகு மௌனம், பிறகு ஒரு டக். வீடியோ காலில் பார்த்த என் மாமியார், "இதுக்கா இவ்வளவு ஃபீஸ் கட்டறீங்க? புள்ளைக்கு ஒரு அடிதானே வருது!" என்றார். தஞ்சாவூர்க்காரர், தவில் கேட்டு வளர்ந்தவர். அவரைக் குறை சொல்ல முடியாது.

அந்த ஒற்றை அடியை வைத்து நீங்கள் செய்த வேலையை நான் ஓரமாக நின்று பார்த்திருக்கிறேன். குச்சியைத் தொடவிடாமல் முழு வரியையும் ஐந்து பேரையும் வாயால் சொல்ல வைத்தீர்கள். நம் கொன்னக்கோல் வகுப்பு ஞாபகம் வந்தது. பிறகு இடம் மாற்றி, பக்கத்தில் இருப்பவரின் பங்கை வாசிக்கச் சொன்னீர்கள். அப்புறம் ஒருவரை நிறுத்திவிட்டு மற்ற நால்வரை வாசிக்கச் சொல்லி, நின்றவரிடம், "உன் இடம் எங்கே காலியாக இருந்தது, காட்டு" என்று கேட்டீர்கள். இப்போது என் மகள் சாப்பாட்டு மேஜையில் ஐந்து பேர் வரியையும் இரண்டு கையால் தட்டுகிறாள், எங்கள் காது போனாலும் பரவாயில்லை என்று.

நான் வண்டி தள்ளும் அப்பாக்களில் ஒருவன். தோளில் மாட்ட முடியாத பெரிய தட்டு வாத்தியங்களான மரிம்பாவையும் வைப்ரஃபோனையும் மைதானத்துக்குள் உருட்டி வந்து விட்டுவிட்டு, ஓரத்தில் நிற்பது எங்கள் வேலை. மைதானத்தின் முன்னோரத்தில் நின்று அவற்றை வாசிக்கும் முன்வரிசைப் பிள்ளைகளிடம் நீங்கள் ஓயாமல் சொன்னது, "டிரம் மேஜரின் கையைப் பார்த்து அடிக்காதே, பின்னால் கேள்." எதிரே நின்று தாளம் காட்டும் ஆளை விட்டுவிட்டுப் பின்னால் கேட்பதாவது? ஐடி ஆசாமி இல்லையா, வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். மைதானத்தின் அகலம் சுமார் 49 மீட்டர். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். பின்கோட்டில் விழும் அடி முன்னால் வந்து சேர 0.14 நொடி. டெம்போ நிமிஷத்துக்கு 160 அடி என்றால் ஒரு அடிக்கும் அடுத்ததற்கும் இடையே 0.375 நொடிதான், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வழியிலேயே போய்விடுகிறது. டிரம்லைன் டிரம் மேஜரின் கையோடு சரியாக அடித்தாலும் சத்தம் முன்னால் தாமதமாகத்தான் வரும். முன்வரிசையும் அதே கையைப் பார்த்து அடித்தால் நடுவர் மேடையில் இருப்பவருக்கு இரண்டும் இரண்டாகக் கேட்கும். பின்னாலிருந்து வருவதைக் காதில் வாங்கி அதோடு சேர்ந்தால்தான் ஒன்றாகக் கேட்கும். கணக்குப் போட எனக்கு ஒரு சாயங்காலம் ஆனது, பதினைந்து வயதுப் பிள்ளைகள் காதாலேயே பிடித்துக்கொண்டார்கள்.

மிருதங்கத்தில் முதல் பாடம் தத் தித் தொம் நம். உங்களிடம் முதல் பாடம் ஒரு கைக்கு எட்டு அடி. இரண்டிலும் வாத்தியார் சீக்கிரம் அடுத்த பாடத்துக்குப் போகமாட்டார். தாளவாத்தியக்காரர்களின் சங்கமான பெர்கசிவ் ஆர்ட்ஸ் சொசைட்டி 1984இல் வகுத்த 40 ரூடிமென்ட்களின், அதாவது அடிப்படை அடி வரிசைகளின், பட்டியல் பேண்ட் ஹாலில் தொங்கினாலும், புதுப் பிள்ளைகள் யாரும் அதைப் பார்த்து அவசரப்பட நீங்கள் விட்டதில்லை. ஆகஸ்ட் வெயிலில், பத்துப் பன்னிரண்டு கிலோவைத் தோளில் மாட்டிக்கொண்டு, அதே எட்டு அடி. அப்படிக் கைக்குள் இறங்கியதைப் புதிதாக வருகிறவர் மாற்றச் சொன்னால் வாய் சும்மா இருக்குமா?

ஒரு விஷயம் விருந்தில் யாரும் பேசவில்லை. நீங்கள் பள்ளியின் முழுநேர ஆசிரியர் இல்லை. பெற்றோர் சேர்ந்து திரட்டும் பணத்திலிருந்து சீசனுக்கு ஒரு தொகை, அதுதான் உங்கள் ஊதியம். பகலில் வேறு வேலை. பள்ளி நேரத்துக்கு வெளியே வாரத்துக்கு 8 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்று, டெக்சாஸ் பள்ளிப் போட்டிகளை நடத்தும் யூஐஎல் அமைப்பின் விதி பிள்ளைகளைக் காக்கிறது, நியாயம்தான். ஆனால் அவர்கள் போன பிறகு தனியாக உட்கார்ந்து தோல் மாற்றிச் சுருதி சேர்த்த நேரத்துக்கு எந்தக் கணக்கும் இல்லை. டிரம்லைன் என்ற ஒன்றே உங்களைப் போன்ற இளைஞர்கள் சில வருஷம் தாக்குப்பிடிப்பதை நம்பி ஓடுகிறது. முழுநேர வேலை கிடைத்ததும் போகத்தான் செய்வார்கள், போகவும் வேண்டும். அடுத்து வருகிறவருக்காவது தொகையை உயர்த்துங்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். பார்ப்போம்.

மே மாதம் டிரம்லைனுக்கு ஆள் எடுக்கும் தேர்வில் ஸ்னேருக்கு முயற்சி செய்வதாகச் சொல்லிக்கொண்டிருந்தவள், விருந்து முடிந்து காரில் வரும்போது மனம் மாறிவிட்டாள். பேஸிலேயே இருக்கிறாளாம், ஆனால் முதல் பேஸ் வேண்டுமாம். அங்கே வரும் பங்கு இன்னும் சிக்கல் என்று நீங்கள்தான் சொன்னீர்களாம். இதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று இனிமேல்தான் யோசிக்க வேண்டும்.

டெனர் கேரியர் திருகை நாங்கள் இரண்டு அப்பாக்கள் ஞாயிற்றுக்கிழமை முறுக்கிவிட்டோம். உங்கள் மடக்கு நாற்காலி லாரியிலேயே கிடக்கிறது, ஊரை விட்டுப் போவதற்குள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டுவிட்டுப் போகிற மாதிரி வாருங்கள்.

அன்புடன்,
மூன்றாம் பேஸ் டிரம்மின் அப்பா